ஒரே கணக்கு, மூண்டு விடை: பிழை பிள்ளையிலயா, மெசினிலயா?

முத்தையன்கட்டு ரீச்சர் | கேள்வி

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இணைந்த கணிதம் படிப்பிக்கிறன். உயர்தரக் கணிதப் பிரிவில மொத்தமே 9 பிள்ளையள். போன வெள்ளி கடைசிப் பாடம் நல்ல மழை. எங்கட வகுப்புக்குத் தகரக் கூரை. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பின்வாங்குக்குக் கேக்காது. சரி, கதைக்காமல் செய்யிற வேலையொண்டு குடுப்பம் எண்டு கேயாஸ் எண்ட குழப்பக் கோட்பாடு பற்றி எப்பவோ வாசிச்ச ஒரு சின்னக் கணக்கைப் பலகையில எழுதினன்.

புதுசு = 4 × பழசு × (1 − பழசு)

0.4 இல தொடங்கு. வாற விடையைத் திருப்பி அதே கணக்கில போடு. இவ்வளவுதான். வகையீடும் இல்லை, தொகையீடும் இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

கல்குலேற்றர் எல்லாரிட்டையும் இல்லை. அதால முன்வாங்குப் பிள்ளையள் கசியோவில 0.4 அடிச்சு, பிறகு விடைப் பொத்தானை வச்சு, சமன் குறியை மாத்திரம் அமத்திக்கொண்டு போனாங்கள். மற்ற வாங்கு இருந்த ஒண்டை மாறி மாறிப் பாவிச்சு, ஒவ்வொரு விடையையும் நாலு தசமதானத்துக்கு மட்டந்தட்டிக் கொப்பியில எழுதி, அதைத் திருப்பி அடிச்சாங்கள். நாலு தசமதானம் காணும் எண்டு சொன்னது நான்தான்.

முதல் கொஞ்சப் படி ஒரு பிரச்சினையும் இல்லை: 0.96, 0.1536, 0.52. பத்தாவது படியில கசியோ 0.2979, கொப்பி 0.3011. சரி, மட்டந்தட்டினதால வந்த சின்ன வித்தியாசம் எண்டு விட்டன். பன்ரண்டில 0.547, 0.533. பதினாலில 0.0349, 0.0171. பதினாறில 0.466, 0.251. பதினெட்டில கசியோ 0.018 எண்டுது, கொப்பி 0.747 எண்டுது! ஒண்டு கிட்டத்தட்டப் பூச்சியம், மற்றது முக்கால்.

பின்வாங்குப் பெடியன் ஒருத்தன் எழும்பி, "ரீச்சர், நாங்க பிழை விட்டிட்டமோ?" எண்டான். கொப்பியை வாங்கி வரி வரியாப் பாத்தன். ஒரு பிழையும் இல்லை.

இரவு வீட்டில மடிக்கணினியில எக்செல் திறந்து, பிள்ளையளை விட்டிட்டு நானே செய்தன். ஒரு நிரலில 4 × பழசு × (1 − பழசு). பக்கத்து நிரலில அடைப்பைப் பிரிச்சு 4 × பழசு − 4 × பழசின் வர்க்கம். ரெண்டும் ஒண்டுதானே? எட்டாம் வகுப்பு அட்சரகணிதம். ஐம்பது வரைக்கும் கையைக் கோத்துக்கொண்டு வந்ததுகள், அதுக்குப் பிறகு விலகத் தொடங்கி, அறுபதுக்குப் போகேக்க ஒண்டுக்கொண்டு சொந்தமே இல்லாத மாதிரி நிக்குதுகள்.

அப்பா பக்கத்தில இருந்து பாத்தார். அவர் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ மூண்டு ஏக்கர் வயல் செய்யிறவர். "அதென்னடி பிள்ளை, போட்டவனுக்கே விடை தெரியாத கணக்கு?" எண்டு கேட்டார். எனக்குப் பதில் வரேல்ல.

இதில தாயம் உருட்டுற மாதிரி எழுமாறா ஒண்டும் இல்லை. விதி ஒண்டு, தொடக்கம் ஒண்டு. அப்ப 60ஆவது படிக்கு ஒரு விடைதானே இருக்க வேணும்? அது எது? திங்கள் வகுப்புக்குப் போகேக்க அந்தப் பெடியனுக்கு நான் என்ன சொல்ல?

பரந்தன் பொடியன்

ரீச்சர், கசியோவுக்குப் பற்றரி மாத்துங்கோ. எங்கட கடைத் தராசும் மழைக்கு உப்பிடித்தான், ஒரு கிலோ சீனி ஒரு கிலோ நூறு காட்டும். 😄

முத்தையன்கட்டு ரீச்சர்

தம்பி, நாலு கசியோ. நாலும் 18ஆவது படியில ஒரே விடை. நாலு பற்றரியும் ஒரே நாளில பழுதாகுமே? உங்கட கடையில சீனி வாங்க வரமாட்டன்.

வவுனிக்குளத்தான்

ரீச்சர், நான் வவுனியா வளாகத்தில கணிதம் முடிச்சனான். அப்ப அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ. 2021 இலதான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. இப்ப வயலும் ஒரு டிராக்டரும். படிச்சதுக்கும் செய்யிறதுக்கும் சம்பந்தம் இல்லை எண்டு வீட்டில சொல்லுவினம். உங்கட கேள்வியைப் பாத்தோடன சேறு காலோட இருந்து எழுதுறன்.

முதல்ல அப்பாவின்ர கேள்வி. 60ஆவது படிக்கு விடை இருக்கு. ஒண்டே ஒண்டுதான் இருக்கு. எழுதத்தான் கொப்பி காணாது. எப்பிடியெண்டு பாருங்கோ: 0.4 இல தசமதானம் ஒண்டு. 0.96 இல ரெண்டு. 0.1536 இல நாலு. அடுத்தது மட்டந்தட்டாமல் எழுதினா 0.52002816, எட்டு. அதுக்கடுத்தது பதினாறு. ஒவ்வொரு படிக்கும் இரட்டிக்குது. இருபதாவது படியில பத்து லட்சத்துக்கு மேல: 10,48,576 இலக்கம். அறுபதாவது படியை முழுசா எழுத ஒண்டுக்குப் பின்னால 18 பூச்சியம் போட்ட அளவு இலக்கம் வேணும். எந்த மெசினும் அதை வச்சிருக்காது. எங்கயோ ஒரு இடத்தில வெட்டியே ஆக வேணும். உங்கட கொப்பி நாலில வெட்டினது. கசியோ திரையில 10 காட்டினாலும் உள்ளுக்க 15 அளவில வச்சிருந்து வெட்டுது. எக்செலும் 15, 16 இலதான். வெட்டாத ஆள் இந்தக் கதையில ஒருத்தரும் இல்லை.

வெட்டுறது மாத்திரமெண்டா பிரச்சினை இல்லை. தினமும் வெட்டித்தானே கணக்குப் போடுறம். இந்தச் சமன்பாடு வெட்டின துண்டைச் சும்மா விடாது, வளக்கும். அதைப் பிள்ளையளுக்குக் காட்ட உங்கட பாடத்துக்குள்ளேயே வழி இருக்கு. திரிகோண கணிதம்.

பழசை ஒரு கோணத்தின்ர சைன் வர்க்கம் எண்டு எடுங்கோ. அப்ப 1 − பழசு கோசைன் வர்க்கம். 4 × சைன் வர்க்கம் × கோசைன் வர்க்கம் எண்டா (2 × சைன் × கோசைன்) முழுக்க வர்க்கம். அது என்ன? இரட்டைக் கோணத்தின்ர சைன், வர்க்கம். அதாவது இவ்வளவு நேரமும் பிள்ளையள் செய்தது ஒரே ஒரு வேலை: கோணத்தை இரட்டிச்சது. 0.4 க்குரிய கோணம் 39.23152 பாகை. பத்தாவது படி வேணுமெண்டா 1024 ஆல பெருக்குங்கோ. 40,173.08 பாகை வரும். 180 பாகைக்கு ஒருக்கா அதே பெறுமானம் திரும்புறதால 180 இன் மடங்குகளைக் கழிச்சு விடுங்கோ, மிச்சம் 33.08. அதின்ர சைன் வர்க்கம் 0.2979. கசியோ சொன்ன விடை!

இப்ப அதே கோணத்தை 39.23 எண்டு ரெண்டு தசமதானத்தில வெட்டிப்போட்டுச் செய்யுங்கோ. மிச்சம் 31.52 பாகை, விடை 0.273. பத்தாவது படியிலேயே கதை மாறுது. ஏனெண்டா வெட்டின துண்டையும் 1024 ஆல பெருக்கிப்போட்டம். அதோட 180 ஐக் கழிக்கேக்க பெரிய பகுதி எல்லாம் போயிடுது, வெட்டின இடத்தில இருந்து வந்ததுதான் மிஞ்சுது. எனக்கு இதை முதல் முதல் விளங்கின நாள் ஞாபகம் இருக்கு. விடுதியில இரவு பதினொண்டு மணி, பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பிச் சொன்னன். அவன் பேசினான்.

உங்கட பின்வாங்குக் கொப்பியையே எடுங்கோ. மூண்டாவது படியில 0.52002816 ஐ 0.5200 ஆக்கினது. விட்டது 0.00003 கூட இல்லை. அங்க இருந்து 18ஆவது படிக்கு 15 இரட்டிப்பு. 15 தரம் இரட்டிச்சா 32,768 மடங்கு. 0.00002816 ஐ அதால பெருக்கிப் பாருங்கோ, 0.92. எங்கட எண்கள் எல்லாம் 0 க்கும் 1 க்கும் இடையிலதான் ஓடுது. பிழை 0.92 எண்டா அந்த விடையில உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்டுமே இல்லை. (ஒவ்வொரு படியிலும் சரியா ரெண்டு மடங்கு எண்டில்லை. சில படியில கூட, சில படியில குறைய. சராசரிக்கு ரெண்டு. இதைத்தான் லியாபுனோவ் அடுக்கு எண்டு அளக்கிறது.)

இதில வயித்தெரிச்சல் என்னெண்டா, ஒரு தசமதானம் கூட்டி வச்சா மூண்டு படி, மூண்டேகால் படிதான் கூடக் கிடைக்கும். நாலு தசமதானத்துக்கு 13 படி, பத்துக்கு 33, பதினைஞ்சுக்கு 50. உங்கட எக்செல் எந்த இடத்தில விலகத் தொடங்கினது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். 25 தசமதானம் வச்சுச் செய்யிற மென்பொருள் இருந்தா 60ஆவது படியின்ர முதல் நாலைஞ்சு இலக்கம் சரியா வரும். 200ஆவது படி வேணுமெண்டா அதுவும் கைவிரிக்கும்.

பெடியனுக்குச் சொல்லுங்கோ, அவன் விட்ட பிழையை அவனுக்கு முதல் ஒரு பெரிய ஆள் விட்டவர் எண்டு. 1961 இல அமெரிக்காவில எம்.ஐ.டி. எண்ட பல்கலைக்கழகத்தில எட்வேட் லோரன்ஸ் எண்ட வானிலை ஆய்வாளர் கணினியில ஒரு வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டத்தைத் திருப்பிப் பாக்க ஆசைப்பட்டு, நடுவில இருந்து தொடங்க, தாளில அச்சான எண்ணை எடுத்து அடிச்சார். கணினிக்குள்ள இருந்தது 0.506127. தாளில இருந்தது 0.506. அடிச்சுப்போட்டுக் கோப்பி குடிக்கப் போனார். ஒரு மணித்தியாலத்தால வந்து பாத்தா, பழைய வானிலைக்கும் புது வானிலைக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. அவரும் முதல்ல மெசின் பழுது எண்டுதான் நினைச்சவர், பரந்தன் பொடியன் மாதிரி. 1963 இல வந்த அவற்ற கட்டுரைதான் இந்தத் துறைக்கே அத்திவாரம். அதுக்கும் எழுபது வருசத்துக்கு முதலே சூரியன், பூமி, சந்திரன் எண்டு மூண்டு பொருள் ஒண்டையொண்டு இழுக்கிற கணக்கில புவான்காரே எண்ட பிரெஞ்சுக் கணிதக்காரர் இதை மணந்து பிடிச்சிட்டார். ஆனா அந்தாளிட்ட கணினி இல்லை.

மழை விட்டிட்டுது. வரம்பு பாக்கப் போறன்.

முத்தையன்கட்டு ரீச்சர்

அண்ணை, இரட்டைக் கோணச் சூத்திரத்தை ஆறு வருசமாப் படிப்பிக்கிறன். இது அதுக்குள்ள கிடந்தது எண்டு ஒருக்காலும் தோன்றேல்ல. கொஞ்சம் வெக்கமாயும் இருக்கு.

இண்டைக்கு வகுப்பில செய்தம். 1024 ஆல பெருக்கி 0.2979 வந்தோடன மேசையில தட்டினாங்கள். பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பாத்தவ.

ஒரு புது வில்லங்கமும் வந்துது. தொடக்க எண்ணை ஆளுக்கொண்டு எடுங்கோ எண்டு விட்டன். ஒரு பிள்ளை 0.5 எடுத்தவள். அடுத்தது 1, அதுக்கடுத்தது 0, பிறகு பூச்சியமோ பூச்சியம். இன்னொருத்தன் 0.75. அவனுக்கு விடை 0.75. திருப்பியும் 0.75. "ரீச்சர், எனக்கு மட்டும் அசையுதே இல்லை" எண்டு முகத்தைத் தொங்கப் போட்டிட்டான். நான் அவனைப் பக்கத்தில 0.7501 போடச் சொன்னன். 0.7498 வந்துது, பிறகு 0.7504, அதுக்குப் பிறகு 0.7492. முக்காலுக்கு அங்காலையும் இங்காலையுமாத் தாவித் தாவி விலகுது. விலகல் 1, 2, 4, 8. நீங்க சொன்ன இரட்டிப்பு அப்பிடியே கண்ணுக்கு முன்னால. வரம்பில நிக்கிற பிள்ளை மாதிரித்தான் 0.75. நிக்கேலும், ஆனா ஊதினாச் சறுக்கும்.

இன்னொண்டு. முன்னுக்கு நிக்கிற 4 ஐ மாத்தினா என்ன எண்டு கேட்டாங்கள். 2.8 போட்டம். எங்க தொடங்கினாலும் எல்லாரும் 0.6429 இல வந்து குந்தினம். அங்க நாலு தசமதானக்காரருக்கும் கசியோக்காரருக்கும் சண்டையே இல்லை! அதே சமன்பாடு, அதே மட்டந்தட்டல், ஆனா பிழை தானாச் சாகுது. இது ஏன்?

அறிவியல்நகர் விவசாயம்

அக்கா, நான் கிளிநொச்சியில விவசாய பீடத்தில படிக்கிறன். இந்தச் சமன்பாடு எங்களுக்குப் பூச்சிப் பாடத்தில வந்தது.

பழசு எண்டது இந்தத் தலைமுறைப் பூச்சியளின்ர அளவு. வயல் தாங்கக்கூடிய உச்சத்தை 1 எண்டு வச்சா அதில எத்தினை பங்கு. முன்னுக்கு நிக்கிற எண் பெருகிற வேகம். (1 − பழசு) எண்டது மிச்ச இடம், மிச்சச் சாப்பாடு. கூடிப் போனா அடுத்த தலைமுறை பட்டினியில விழும். உயிரியலாளர் ரொபேட் மே 1976 இல நேச்சர் சஞ்சிகையில இதை எழுதினவர். இவ்வளவு சின்னச் சமன்பாடு இவ்வளவு கூத்தாடுது, இதைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க வேணும் எண்டுதான் அந்தக் கட்டுரையே. நீங்க தகரக் கூரைக்குக் கீழ செய்தது அவர் கேட்ட வேலைதான்.

வேகம் 3 க்குக் கீழ எண்டா பூச்சி ஒரு அளவில நிலைக்கும். 2.8 இல நிலைச்ச இடத்துக்குக் கிட்ட, ஒவ்வொரு படிக்கும் விலகல் 0.8 ஆல பெருக்குப்படும். அதால பிழை தேயுது. 0.75 இல நிண்ட தம்பிக்கு அது 2 ஆல பெருக்குப்பட்டது, அதால வளந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். 3.2 போட்டுப் பாருங்கோ: ஒரு தலைமுறை 0.513, அடுத்தது 0.799, திரும்ப 0.513. ஒரு போகம் குறைய, ஒரு போகம் கூட. 3.5 இல நாலு எண் மாறி மாறி வரும்: 0.875, 0.383, 0.827, 0.501. பிறகு எட்டு, பதினாறு. 3.57 க்குக் கிட்ட இந்த இரட்டிப்பு எல்லாம் முடிஞ்சு குழப்பம் தொடங்கும். குழப்பத்துக்கு நடுவிலயும் 3.83 இல திடீரெண்டு மூண்டே மூண்டு எண், ஒழுங்கா. எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். சந்தைக்குள்ள ஒரு தேவாரம் கேட்ட மாதிரி.

பிள்ளையளிட்டக் கசியோ இருக்கிறதால இதையும் சொல்லுங்கோ. மாறி மாறி வாற எண்கள் ஒண்டு ரெண்டாகி, ரெண்டு நாலாகி இரட்டிக்கிற இடங்கள் 3, 3.449, 3.544, 3.564. இடைவெளிகள் 0.449, 0.095, 0.020. ஒண்டை அடுத்ததால பிரிச்சா 4.7 அளவில வருது. மிச்சல் பைகன்பாம் எண்ட பௌதிகக்காரர் 1975 இல ஒரு கைக் கல்குலேற்றரில இதைச் செய்து கொண்டிருந்தவர். அந்த மெசின் சரியான மெதுவு. காத்திருக்க அலுத்து, அடுத்த இரட்டிப்பு எங்க வரும் எண்டு ஊகிக்கப் பாத்ததிலதான் இந்த விகிதம் கண்ணில பட்டது. 4.669. வேற சமன்பாட்டைப் போட்டாலும், அது இதே மாதிரி உச்சி உருண்டையான ஒரு மேடு ஏறி இறங்கிற சார்பெண்டா, அதே 4.669. வேகமான மெசின் கையில இருந்திருந்தா ஊகிக்கத் தேவை வந்திருக்காது.

ஆனா அப்பாவிட்டப் போய் இந்தச் சமன்பாட்டை வச்சு நெல்லைத் தாக்கிற அறக்கொட்டிப் பூச்சி எப்ப வரும் எண்டு சொல்லிப் போடாதேங்கோ. வயலில தலைமுறை ஒண்டோடொண்டு கலந்து கிடக்கும், காத்தில புதுசா வந்திறங்கும், மருந்தடிச்சா அதைத் தின்னிற சிலந்தியும் சேந்து சாகும். சுத்தமாக் குழப்பத்தைக் காட்டினது ஆய்வுகூடத்திலதான். 1997 இல மா வண்டை வச்சு. ஓம், எங்கட அரிசிமாப் பேணிக்குள்ள ஓடுற அதே சிவப்பு வண்டு. அது தன்ர முட்டையையே தின்னும். தின்னிறதின்ர அளவையும் சாவின்ர அளவையும் ஆய்வாளர் கையால மாத்த மாத்த, வண்டின்ர தொகை நிலைச்சது, ஆடினது, குழம்பினது. சமன்பாடு சொன்ன இடத்திலேயே குழம்பினது.

பரந்தன் பொடியன்

அப்ப பிரேசிலில வண்ணாத்துப்பூச்சி செட்டை அடிச்சா முல்லைத்தீவில புயல் எண்டிறது உண்மையோ? எங்கட தோட்டத்தில நிறைய நிக்குது, கலைச்சு விடவே?

வவுனிக்குளத்தான்

பொடியா, லோரன்ஸ் அதைக் கேள்வியாத்தான் வச்சவர். 1972 மார்கழியில ஒரு மாநாட்டில. பிரேசிலில செட்டை அடிச்சா ரெக்சாசில சுழல்காத்து வருமோ எண்டு. அந்தத் தலைப்பையும் அவர் வைக்கேல்ல, கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் வச்சது. லோரன்ஸ் அதுக்கு முதல் கடல்புறாவை வச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தவர்.

பூச்சி புயலைச் "செய்யாது". புயலுக்குத் தேவையான வெக்கை கடலில இருக்கு. உன்ர பூச்சி செட்டை அடிச்ச உலகத்தையும் அடிக்காத உலகத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சா, கொஞ்ச நாளால ரெண்டு உலகத்தின்ர வானிலையும் வேற வேற. இவ்வளவுதான் கதை. ஒண்டில வந்த புயல் மற்றதில வராமல் போகலாம், வராத ஒண்டு வரலாம். ஆரையும் பிடிச்சுக் குற்றம் சாட்டேலாது. நீ பூச்சியைக் கலைச்சு விடாதே, தோடை காய்க்காது.

ஓய்வுபெற்ற நீர்ப்பாசனம்

இங்கே எழுதுவதையெல்லாம் இரண்டு நாட்களாக வாசித்து வருகிறேன். நான் கணிதக்காரன் அல்ல. முப்பது வருடம் குளங்களோடு கிடந்தவன். ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதை வாசிக்கும் பிள்ளைகள் "அப்படியானால் வானிலை அறிக்கை எல்லாம் பொய்" என்று எடுத்துக்கொள்வார்கள்.

குளமும் மழையும் ஒரே குணம் உடையவை அல்ல. இரணைமடுக் குளத்தில் இந்த வருடம் ஐப்பசியில் இரண்டு அடி தண்ணீர் கூட இருந்தது, போன வருடம் குறைய இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் இரண்டு வருடமும் குளம் நிரம்பி வான் பாய்ந்துவிட்டால் அந்த இரண்டு அடியின் கதை அதோடு முடிந்தது. வான் பாயும் குளத்துக்குத் தான் எங்கே தொடங்கினேன் என்ற நினைவு இல்லை. ரீச்சர் சொன்ன 2.8 மாதிரி. ஆகவே மழை இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் தண்ணீர் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரும் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். கையை விரிக்க வைப்பது மேகம்தான். காலை 8.30க்கு மழைமானியை எடுத்து அளப்போம். ஒரு மானியில் 90 மில்லிமீற்றர். நாலு மைல் தள்ளி மற்றதில் சிந்தின தண்ணீர் அளவு. ஒரே இரவு, ஒரே காடு. 2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பார்த்தவர்களுக்கு ஓர் இரவில் எவ்வளவு மாறலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது பெரிய வானிலை நிலையங்கள் ஒரே ஓர் ஓட்டத்தை நம்புவதில்லை. ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு நிலையம் 1992 முதல், தொடக்க நிலையை வேண்டுமென்றே சற்றுச் சற்று மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்க்கிறது. இப்போது ஐம்பது, அதோடு மாற்றாத ஒன்று. ஐம்பதும் ஒரே பக்கம் போனால் உறுதியாகச் சொல்லலாம். சிதறினால் சிதறுகிறது என்று சொல்லலாம். மழைக்கு 70 வீதம் என்று கைபேசியில் காட்டுவதன் பின்னால் இப்படியான ஒரு எண்ணிக்கைதான் இருக்கிறது. ரீச்சரின் முன்வாங்கும் பின்வாங்கும் சேர்ந்து செய்ததும் இதுவே. இரண்டு வாங்கும் ஒத்துப்போகும் வரை நம்பலாம்.

இப்படி எவ்வளவு தூரம் போகலாம்? பெரிய காற்றோட்டங்களுக்கு ஏறக்குறைய இரண்டு கிழமை என்று லோரன்சே கணித்தார். இடிமழைக்கு மணிக்கணக்குதான்.

பிள்ளை, உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், இரண்டு கிழமைக்கு அப்பால் மழை தெரியாவிட்டால் காலபோகத்துக்கு எந்த நம்பிக்கையில் ஐப்பசியில் விதைக்கிறார் என்று. அவரிடம் நல்ல பதில் ஒன்று இருக்கும்.

வவுனிக்குளத்தான்

ஐயா நல்ல இடத்தில கொண்டுவந்து விட்டிட்டியள். ரீச்சர், இதுக்கும் வகுப்பில செய்யிற வேலை ஒண்டு இருக்கு. 4 ஐயே போடுங்கோ. ஆளுக்கொரு தொடக்கம், ஆளுக்கொரு மெசின், அறுபது படி. ஒருத்தற்ற 60ஆவது எண்ணும் மற்றவற்றயோட ஒத்துவராது. அதை விடுங்கோ. எத்தினை எண் 0.1 க்குக் கீழ வந்தது, எத்தினை 0.9 க்கு மேல, எத்தினை நடுவில 0.45 க்கும் 0.55 க்கும் இடையில எண்டு மாத்திரம் எண்ணச் சொல்லுங்கோ. கோணம் எல்லாப் பக்கமும் சமனாப் பரவினா என்ன வரும் எண்டு கணக்குப் போட்டுப் பாக்கலாம்: கீழ 20.5 வீதம், மேல 20.5 வீதம், நடுவில 6.4 வீதம். மூண்டு பெட்டியும் ஒரே அகலம், ஆனா நடுப்பெட்டி வெறிச்சோடிக் கிடக்கும். கொப்பிக்காரனுக்கும் கிட்டத்தட்ட அதே, கசியோக்காரனுக்கும் அதே.

முத்தையன்கட்டு ரீச்சர்

செய்தம். 9 பிள்ளையள், ஆளுக்கு 60. மொத்தம் 540 எண். 0.5 காரியையும் 0.75 காரனையும் வேற எண் எடுக்கச் சொல்லிப்போட்டன். அவன் விடமாட்டன் எண்டு நிண்டான், பிறகு 0.7501 க்குச் சம்மதிச்சான்.

பலகையில கோடு போட்டு, ஐஞ்சைஞ்சாக் கட்டி எண்ணினம். 0.1 க்குக் கீழ 104. 0.9 க்கு மேல 117. நடுவில 37. அண்ணை சொன்ன வீதத்துக்கு 111, 111, 35 வரவேணும். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்துது. மழையும் இல்லை, அதால வடிவாக் கேட்டுது.

இரவு அப்பாவிட்ட ஐயாவின்ர கேள்வியைக் கேட்டன். வெத்திலை போட்டுக்கொண்டு இருந்தவர். "ஐப்பசி இருபதோ கார்த்திகை ரெண்டோ ஆர் கண்டது? ஆனா ஐப்பசியும் கார்த்திகையும் ரெண்டும் சேந்து ஏமாத்தின வருசம் எனக்குத் தெரிய விரல் விட்டு எண்ணலாம்" எண்டார். நான் 540 எண்ணின தாளைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு நடுப்பெட்டியைப் பாத்தார். "உதுக்க ஏன் ஆளில்லை?" எண்டு கேட்டார்.

அதுக்கு அவருக்கு விளங்கிற மாதிரி நான் இன்னும் பதில் சொல்லேல்ல. சைன் வளையியை வச்சுச் சொன்னா எழும்பிப் போயிடுவார். ஊஞ்சலை வச்சுச் சொல்லலாமோ எண்டு யோசிக்கிறன், ரெண்டு நுனியிலும் அது மெதுவாகி நிண்டு நிண்டுதானே திரும்புது. ஆராவது இதைவிட நல்லா ஒண்டு சொன்னா எழுதுங்கோ.

பரந்தன் பொடியன்

ஊஞ்சல் சரி ரீச்சர். இல்லாட்டிப் பரந்தன் சந்திக்கு வாங்கோ, பஸ் எல்லாம் ரெண்டு தரிப்பிடத்திலயும் நிக்கும், நடுவில ஒண்டும் நிக்காது. சீனியும் வாங்கலாம். தராசு மாத்தியாச்சு.